நட்டாலுக்குப் போனவரின் இலக்கம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் கமிட்டித் தலைவியர் ஆகியோருக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த தொழிற்சங்கக் கருத்தரங்குக்கு நம் சங்கத்திலிருந்து மூன்று பேர் போய்வந்தோம். அங்கே எடுத்த தீர்மானங்கள் தனியாக அச்சாகி வரும். அவற்றை வாசித்துக் காட்டி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. கருத்தரங்கு முடிந்த மறுநாள் நாங்கள் ஒரு பழைய கரும்புத் தோட்டத்தைப் பார்க்கப் போனோம். அதைப் பற்றிப் பேசுங்கள் என்று செயற்குழு கேட்டதால் பேசுகிறோம்.

எங்கள் குடும்பத்தில் 'நட்டால்' என்று ஒரு சொல் உண்டு. கடைக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வர நேரமானால், "போனவன் நட்டாலுக்கே போயிட்டானா?" என்பார் எங்கள் அப்பாயி. நட்டால் என்பது நேட்டால். இன்றைய தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரை. எங்கள் பூட்டனாரின் அண்ணன் அங்கே போனவர். திருச்சி மாவட்டம், முசிறி தாலுகா. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, 1876இல் தொடங்கிய பஞ்சம், அதில் நிலமும் மாடும் போன குடும்பம். அண்ணன் ஓர் ஏஜண்டின் பின்னால் சென்னைக்குப் போய்க் கப்பல் ஏறினார். தம்பி சில வருஷம் கழித்து ஒரு கங்காணியின் பின்னால் இலங்கைக்கு வந்தார். தம்பியின் வழியில் வந்தவர்கள் நாங்கள். அண்ணனைப் பற்றி எங்களிடம் இருந்ததெல்லாம் அவருடைய பெயரும், ஊரும், அந்த 'நட்டால்' என்ற சொல்லும்தான். அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை, லயத்துக்கு இரண்டு பேருக்கு இருக்கிற பெயர்.

முதலில் அந்த ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேட்டாலில் வெள்ளையர் கரும்பு போடத் தொடங்கியது 1850 வாக்கில். நிலம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அங்கே இருந்த சூலு மக்களுக்குச் சொந்தமாக மாடும் விளைநிலமும் இருந்தன. துரைமார் கொடுக்க நினைத்த சம்பளத்துக்கு, துரைமார் கேட்ட நேரமெல்லாம் வேலை செய்ய அவர்களுக்கு அவசியமில்லை. அதைத் துரைமார் 'சோம்பேறித்தனம்' என்று எழுதி வைத்தார்கள். நம் நாட்டில் கண்டிச் சிங்கள விவசாயிகளைப் பற்றிக் கோப்பித் துரைமார் எழுதியதும் இதே சொல்தான். நிலம் உள்ளவன் கூலிக்கு வர மாட்டான். ஆகவே நிலம் இல்லாதவனைக் கடல் கடந்து கொண்டு வா. இதுதான் கணக்கு. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 152,184 பேர் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழரும் தெலுங்கரும்தான் கூடுதல்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. நூறு ஆணுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. ஆனால் பெண்ணுக்குப் பாதிச் சம்பளம் என்பதும் அதே அரசின் ஏற்பாடுதான். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் தொழிலாளர் வாயில் 'கிரிமிட்' ஆனது. நமக்குக் கங்காணியின் கடன், அவர்களுக்குக் கிரிமிட். நம்மவர் கடன் தீரும்வரை நகர முடியாது, அவர்கள் ஐந்து வருஷம் தீரும்வரை நகர முடியாது. எது மோசம் என்று எங்களோடு வந்த இரண்டு பேரும் பஸ்ஸில் நெடுநேரம் வாதாடிக்கொண்டு வந்தார்கள். அந்த வாதம் முடியவில்லை.

டர்பனில் '1860 பாரம்பரிய நிலையம்' என்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. இந்த மக்களின் சரித்திரத்துக்காகவே நடத்தப்படுவது. கப்பல் பட்டியல்களைப் பற்றி நாங்கள் விளக்கமாகக் கேட்டது அங்கேதான். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி. முதலில் ஓர் இலக்கம். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளிக்கு ஒதுக்கப்பட்டார் என்ற விபரம். இவையெல்லாம் இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு பெயரையும் தாலுகாவையும் தட்டினால் வந்து நிற்கிறது.

எங்கள் பெரியவரின் பெயரையும் தட்டிப் பார்த்தோம். ஒருவர் அல்ல, நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே பெயர், ஒரே மாவட்டம், ஏறத்தாழ ஒரே வயது. கிராமத்தின் பெயரைத் துறைமுகத்துக் கிளார்க் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஒன்றை எங்கள் ஊராக வாசிக்கலாம், இன்னொன்றையும் வாசிக்கலாம். தகப்பன் பெயர் இரண்டு பேருக்கு ஒன்றே. அந்த இருவரில் ஒருவருக்கு வலது தோளில் தழும்பு; மற்றவருக்கு முகத்தில் அம்மைத் தழும்பு. எங்கள் பெரியவருக்கு எங்கே தழும்பு இருந்தது என்று சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை.

எங்களோடு வந்த அக்கா ஒருவர் இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து எடுப்பவர். திரையை உற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது சொந்தக்காரங்க தேடட்டும்னு எழுதினதில்லையே. ஓடிப் போனா புடிக்கிறதுக்கு எழுதினது. சந்தையில மாட்டுக்கு மறு பார்த்து எழுதுவாங்கள்ல, அப்படி." அவர் சொன்னது சரி. அதற்காகவே எழுதப்பட்டது. ஆனாலும் அதே தாளை வைத்துத்தான் இன்று டர்பனில் உள்ள குடும்பங்கள் தங்கள் ஊரைக் கண்டுபிடித்து வேலூருக்கும் தஞ்சாவூருக்கும் போய்வருகின்றன. பாட்டனின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஆட்களைப் பார்த்தோம். ஒரு வீட்டில் அந்த வரியை நகல் எடுத்து, கண்ணாடி போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

நால்வரில் ஒருவர் ஒதுக்கப்பட்ட இடம் மவுண்ட் எட்ஜ்கோம்ப். அது டர்பனுக்கு வடக்கே, பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மற்ற மூவரின் தோட்டங்கள் தூரம். ஆகவே இங்கே போனோம். எங்கள் பெரியவரின் தோட்டம் இதுதான் என்று நாங்கள் சத்தியம் செய்யப் போவதில்லை.

இது காம்பல் குடும்பத்தின் தோட்டமாக இருந்தது. மார்ஷல் காம்பல் என்ற துரை நேட்டாலின் பெரிய சீனி முதலாளிகளில் ஒருவர். பக்கத்தில் ஆபிரிக்கத் தொழிலாளர்களுக்காகப் பின்னால் கட்டப்பட்ட நகரத்துக்குக் குவாமஷு என்று பெயர். 'மஷு' என்பது மார்ஷல்தான். தோட்டத்துக்கும் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் உள்ள ஓர் இடத்தின் பெயர். ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்களையெல்லாம் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற நமக்கு இது புதுமை இல்லை.

இப்போது அங்கே கரும்பு இல்லை, தோழர்களே. சீனி ஆலை 1990களில் மூடப்பட்டது. தோட்டத்தின் பெரிய பகுதி கோல்ஃப் மைதானமாகவும் மதிலுக்குள் அமைந்த பணக்காரக் குடியிருப்பாகவும் மாறிவிட்டது. இந்த மாதிரிக் குடியிருப்புக்கு அந்த நாட்டில் என்ன பெயர் தெரியுமா? 'எஸ்டேட்'. நாங்கள் எஸ்டேட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னபோது, எங்களை வசதியான ஆட்கள் என்று ஒருவர் நினைத்துக்கொண்டார்! வாசலில் காவல்காரர் பெயர், வாகன இலக்கம், வந்த காரணம் எல்லாம் கேட்டார். அந்த மனிதர் தன் வேலையைத்தான் செய்தார், மரியாதையாகவும் நடந்துகொண்டார். உள்ளே போக எங்களுக்குச் சீட்டு தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு வெளியே போகச் சீட்டு வேண்டும். முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே காணப்பட்டால் பொலிஸ் பிடிக்கலாம். துரை அடித்தார் என்று முறையிடுவதற்கு 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்று ஓர் அதிகாரி இருந்தார். அவரிடம் போகவும் அடித்த துரையிடமே சீட்டு வாங்க வேண்டும். வாங்காமல் போனால் தண்டனை.

எங்களைக் கூட்டிப் போனவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். ஆலையில் வேலை செய்தவர். அவருடைய தகப்பன் கரும்பு வெட்டியவர். தமிழ் பேசத் தெரியாது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போவார், நடுவில் 'தாத்தா', 'பெரியம்மா', 'வடை', 'காவடி' என்று சொற்கள் வந்து விழும். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவதை அங்கே 'போரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். புல்வெளியில் கொடி நட்டிருந்த ஒரு மேட்டைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் எங்கள் லயம் இருந்தது" என்றார். அவர்கள் 'பராக்' என்கிறார்கள். ஒரு கூரை, நீளமாகப் பத்துக் காம்பரா, ஒரே வாசல் வரிசை, ஒரு தண்ணீர்க் குழாய். அவர் கையால் வரைந்து காட்டினார். வரையத் தேவையே இல்லை. காம்பராவின் அளவை நாங்களே சொன்னோம், அவர் சிரித்துவிட்டார்.

வெட்டுப் பருவத்தில் கரும்பு இலை கையைக் கிழிக்கும். பெண்கள் பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் போவார்கள் என்றார். நம் தாய்மார் இடுப்பில் படங்கு கட்டுவதைப் பற்றி அக்கா சொன்னார். அவருக்கு அட்டை என்றால் என்ன என்று புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இருவரும் 'அரைப்பேர்' பற்றிப் பேசியதுதான் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் அன்றைய நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று தன் பாட்டன் சொன்னதாக அவர் சொல்ல, கிலோ குறைந்தால் எங்களுக்கு அரைப்பேர்தான் என்று அக்கா சொன்னார். அது பழைய கதையா என்று அவர் கேட்டார். "போன மாசத்துச் சம்பளச் சீட்டுல இருக்கு" என்றார் அக்கா.

தோட்டத்துக் கோயில் மட்டும் இன்னும் நிற்கிறது. முருகனுக்கும் மாரியம்மனுக்கும் தொழிலாளர்கள் நூறு வருஷத்துக்கும் முன்னால் கட்டியது. டர்பன் வட்டாரக் கோயில்கள் சிலவற்றில் அம்மன் திருவிழா பெரிய வெள்ளிக்கிழமையில் நடக்கிறது. அது என்ன கணக்கு என்று கேட்டோம். "துரை லீவு கொடுத்த நாள் அதுதானே" என்றார் பெரியவர். பஞ்சாங்கத்தையும் செக்ரோல்தான் தீர்மானித்திருக்கிறது.

இனி, நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதிக்கு வருகிறோம். 1913.

கிரிமிட் முடிந்த தொழிலாளி திரும்ப ஒப்பந்தம் எழுத வேண்டும், அல்லது இந்தியாவுக்குப் போக வேண்டும். இரண்டும் இல்லாமல் சுதந்திரமாக அங்கே இருக்க நினைத்தால் வருஷத்துக்கு 3 பவுண் வரி. 1895இல் சட்டம் போட்டார்கள். பிறகு 16 வயதைத் தாண்டிய பையனுக்கும் 13 வயதைத் தாண்டிய பெண் பிள்ளைக்கும் அதே வரி என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 பவுண் என்றால் 60 ஷில்லிங். முதல் வருஷச் சம்பளத்தில் ஆறு மாதம். அப்பா, அம்மா, வளர்ந்த மகன், வளர்ந்த மகள் என்று நாலு பேர் உள்ள வீட்டுக்கு 12 பவுண். வரி வசூலிப்பது நோக்கமில்லை. கட்ட முடியாமல் திரும்பவும் கிரிமிட்டில் கைநாட்டு வைக்க வேண்டும், அதுதான் நோக்கம்.

அதே 1913இல் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் அந்த நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்பது அதன் விளைவு. தாலி கட்டிய பெண்கள் ஒரே நாளில் சட்டத்துக்கு முன் மனைவி அல்லாதவர்கள் ஆனார்கள். அதற்குப் பிறகு பெண்கள் வெளியே வந்தார்கள். ஜொஹானஸ்பர்க் பக்கமிருந்து புறப்பட்ட பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்களைப் பிடித்துக் கடுங்காவலில் போட்டார்கள். தில்லையாடி வள்ளியம்மையை நம் பாடப் புத்தகங்கள் வழியாக அறிவீர்கள். அவர் அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பெப்ரவரி 22இல் இறந்தவர். வயது பதினாறு. எங்கள் வகுப்பில் அந்த வயதில் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காருகிறார்கள்.

புத்தகங்களில் காந்தியும் சுரங்கத் தொழிலாளரும் எல்லை தாண்டி நடந்த பயணம் விரிவாக இருக்கும். கரும்புத் தோட்டங்களைப் பற்றி இரண்டு வரிதான். நவம்பர் மாதத்தில் காந்தி சிறையில் இருக்கிறார். தலைவர்கள் பலரும் சிறையில். அப்போதுதான் கடற்கரை ஓரத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை நின்றது. யாரும் கூட்டம் போடவில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை. வாய் வழியாகச் செய்தி போனது, ஆட்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். வேலைக்குத் திரும்ப வைப்பதற்குக் குதிரைப் பொலிஸ் வந்தது. நவம்பர் இறுதியில் மவுண்ட் எட்ஜ்கோம்பில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கையில் தடியும் கல்லும் வைத்திருந்த தொழிலாளர்கள் செத்தார்கள். தெற்கே எஸ்பெரான்ஸாவிலும் சுட்டார்கள். சுரங்கத்தில் இன்னும் மோசம். சுரங்கக் கம்பனியின் குடியிருப்பையே சிறை என்று அறிவித்து, அங்கே அடைபட்ட தொழிலாளர்களைத் தண்டனை வேலையாகச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள்.

1914இல் 3 பவுண் வரி நீக்கப்பட்டது. தலைவர் கைகொடுத்து, மந்திரி கையெழுத்துப் போட்டு வந்த வெற்றி என்று அதைச் சொல்வார்கள். அது பாதிதான். ஆலைக்குக் கரும்பு வராமல் நின்றதுதான் மறுபாதி. முல்லோயா கோவிந்தனின் பெயரை ஒவ்வொரு ஜனவரியும் நினைவுகூருகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவது 1911இல் நின்றதும் கரும்பு முதலாளிகள் என்ன செய்தார்கள்? பொண்டோலாந்து பக்கமிருந்து ஆபிரிக்கத் தொழிலாளரைக் கொண்டு வந்து வெட்ட விட்டார்கள். அதற்குள் நிலத்தையும் வரியையும் காட்டி அவர்களையும் கூலிக்கு வரவேண்டிய நிலைக்குத் தள்ளியாயிற்று. ஒருவனைக் காட்டி மற்றவன் சம்பளத்தைக் குறைப்பது அங்கேயும் உள்ள வித்தைதான். ஆனால் 1937இல் டர்பனின் ஃபோல்கர்க் இரும்பு ஆலையில் இந்தியரும் ஆபிரிக்கரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். எச். ஏ. நாயுடு, ஜோர்ஜ் பொன்னன் போன்ற தமிழ், தெலுங்கு இளைஞர்கள் அந்தக் காலத்துச் சங்கங்களைக் கட்டியவர்கள். கருத்தரங்கில் எங்களுக்கு மொழிபெயர்த்து உதவியவர் ஒரு சூலுத் தோழியர். இன்று அந்தக் கடற்கரையில் கரும்பு வெட்டுவது அவருடைய மக்கள்தான்.

பிறகு அந்த மக்களுக்கு என்ன ஆனது என்று சுருக்கமாகச் சொல்கிறோம். 1927இல் இரண்டு அரசாங்கங்கள் கேப்டவுனில் ஓர் உடன்பாடு செய்தன. பணம் கொடுத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் திட்டம் அதில் இருந்தது. போனவர்களில் பலருக்கு அங்கே ஊரும் இல்லை, உறவும் இல்லை. 1961 வரைக்கும் அந்த நாட்டு அரசு அவர்களை நிரந்தரக் குடிகளாக ஏற்கவில்லை. நூறு வருஷம்! 1964இல் கொழும்பும் டெல்லியும் சேர்ந்து நம்மில் 525,000 பேரை அங்கே, 300,000 பேரை இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டதை அந்தப் பெரியவரிடம் சொன்னோம். "உங்களிடம் யாராவது கேட்டார்களா?" என்றார். இல்லை என்றோம்.

நாங்கள் அங்கிருந்து திரும்பும்போது எங்களைக் குடைந்த விஷயம் இதுதான். அவர்களிடம் பட்டியல் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

எங்கள் பூட்டனார் எந்த வருஷம் வந்தார், எந்த வழியில் வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார், எதற்கும் ஒரு வரி கிடையாது. கங்காணி முறையில் கணக்குக் கங்காணியிடம். அவர் எழுதி வைத்தது யார் எவ்வளவு கடன் என்பதை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியில் விழுந்தவர்களின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நம்மில் பலர் போனோம். யாருடைய பெயரைச் சொல்லி நடந்தோம்? பெயர் தெரியாதவர்களுக்காகத்தானே நடந்தோம்.

பெயர் இல்லாதது வெறும் மனவருத்தம் அல்ல. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது என்ன? இங்கே பிறந்தால் மட்டும் போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்தான் என்று காட்டு; இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு. எந்தத் தாளைக் காட்டுவது? அடுத்த வருஷத்துச் சட்டம், கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து இங்கேயே இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மனு தள்ளுபடியானவர்கள் பொய் சொன்னவர்கள் இல்லை. தாள் இல்லாதவர்கள், தாளில் ஓர் எழுத்து மாறியவர்கள். கடைசி ஆளுக்கும் பிரஜாவுரிமை என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுத்தது.

அது முடிந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், கணவன் இறந்து நான்கு வருஷமாகியும் ஒரு தாய்க்கு ஊழியர் சேமலாப நிதி வரவில்லை. செக்ரோலில் கணவனின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, கல்யாணப் பதிவில் மூன்றாவது மாதிரி. மூன்றையும் எழுதியவர்கள் வெவ்வேறு கிளார்க்குமார், அவரவர் காதில் விழுந்தபடி. சென்னைத் துறைமுகத்தில் எங்கள் கிராமத்தின் பெயரை எழுதியவரும் அப்படித்தான் எழுதினார். ஆனால் அவர் பிழையால் எங்களுக்குப் போனது ஓர் உறவு. இந்தத் தாய்க்குப் போனது முப்பது வருஷ உழைப்பு. நாளைக்கு வீட்டுக் காணிக்கு உறுதி கொடுக்க வரும்போதும் இதையேதான் கேட்பார்கள். எந்தப் பெயரில் எழுதுவது, இந்தக் காம்பராவில் நீ இருந்ததற்கு என்ன ஆதாரம், உன் மாமியாருக்குப் பிறகு யார்? எத்தனை பேர்ச் என்று வாதாடுவதற்கு நாங்கள் தயார். ஆனால் உங்கள் பெட்டியில் தாள் சரியாக இருக்க வேண்டும்.

ஆகவே செயற்குழுவின் அனுமதியோடு ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கொப்பி. அதில் நம் குடும்பங்களை நாமே எழுதப் போகிறோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு லயங்களை முடித்துவிட்டார்கள். நேட்டால் பட்டியலைப் பார்த்துத்தான் கலங்களைப் போட்டோம். ஆனால் சிலவற்றை மாற்றினோம். சாதி என்ற கலம் இல்லை. உடம்பு அடையாளம் இல்லை. அங்கே தகப்பன் பெயர் மட்டும். இங்கே தாய் பெயரும், தாயின் தாய் பெயரும் எழுத வேண்டும். 'என்ன வேலை தெரியும்' என்று ஒரு கலம் இருக்கிறது. அதில் 'கூலி' என்று எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். கவ்வாத்து வெட்டுவது, கொழுந்து, ஸ்டோர் வேலை, பிள்ளைக் காம்பரா, கூத்துப் பாட்டு, எது தெரியுமோ அது. கொப்பி சங்கத்தின் ஆபீஸில் ஒன்று, லயத்தில் ஒன்று. துரையின் ஆபீஸுக்குப் போகாது.

தலைவர்களுக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் உங்கள் லயங்களில் எத்தனை பேர் என்று இந்த மாதமே எண்ணிக்கொண்டு வாருங்கள். அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும். அடுத்த மாதம் முதலாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாவட்ட ஆபீஸில் இருப்போம். பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகள், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லுங்கள். பெயர் வித்தியாசம் உள்ளவர்களுக்குச் சத்தியக் கடதாசி எழுத உதவி செய்ய ஆட்களை ஏற்பாடு செய்திருக்கிறோம். அசலை யாரிடமும், எங்களிடமும்கூட, விட்டுவிட்டுப் போக வேண்டாம். நகல் எடுக்கும் இயந்திரம் ஆபீஸிலேயே இருக்கிறது.